காற்றைக் குடிக்கும் விராலும் முள்ளை விரிக்கும் சிங்கமீனும்

கண்ணு, அப்பாவோடோ அம்மாவோடோ மீன் கடைக்குப் போயிருக்கிறாயா? விக்கிரவாண்டியிலோ விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ, எந்தக் கடையாக இருந்தாலும் சரி. கடலிலிருந்து வந்த சங்கராவும் கானாங்கெளுத்தியும் ஐஸ்மேல் அசையாமல் கிடக்கும். பக்கத்திலேயே ஓர் அன்னக்கூடையில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் இருக்கும். அதற்குள் ஏரி விரால் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். காலையில் பிடித்த மீன், மதியம்கூட வாலை அடிக்கும்.

“மற்ற மீனெல்லாம் செத்துப்போச்சே, இது மட்டும் எப்படி உயிரோடு இருக்கு?” என்று நீ கேட்டிருக்கிறாயா? கேட்டிருந்தால் சபாஷ்! அறிவியல் இப்படிப்பட்ட கேள்வியில்தான் பிறக்கிறது. இதுவரை கேட்கவில்லை என்றாலும் ஒன்றும் மோசமில்லை. இன்றைக்குச் சேர்ந்தே கேட்டுப் பார்ப்போம்.

விராலோடு இன்னொரு மீனையும் உனக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். அதன் பெயர் சிங்கமீன். விக்கிரவாண்டியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சுமார் 300 கிலோமீட்டர் தெற்கே, மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளில் வாழ்கிறது. விழுப்புரத்தில் ராமேஸ்வரம் ரயில் ஏறிப் படுத்தால், மறுநாள் காலை அந்தக் கடலோரம் வந்துவிடும். சிங்கமீன் பார்க்க அழகாக இருக்கும். தொட்டால் விஷம்.

ஒன்று தூண்டில்காரர்கள் ஆசைப்படும் நன்னீர் மீன். இன்னொன்று யாரும் தொடப் பயப்படும் கடல் மீன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறோம். அதற்கு முன் ஒரே ஒரு ரகசியம் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் மனத்தில் பிடித்துக்கொள். ஒரு மீனின் உடம்பு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் அது வாழும் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

ஏரித் தண்ணீரில் என்ன கஷ்டம்?

நம் பக்கத்து ஏரிகள் எப்போது நிரம்பும்? ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் கொட்டும். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பெய்த மழை சங்கராபரணி ஆற்றில் ஓடிவரும். விக்கிரவாண்டிக்கு அருகில் இருக்கும் வீடூர் அணையில் தண்ணீர் ஏறும். அந்த அணையின் முழு உயரம் 32 அடி. அது நிரம்பிவிட்டால் பெரியவர்கள் முகத்தில் எவ்வளவு சந்தோஷம், பார்த்திருப்பாய்.

அதே ஏரியைச் சித்திரை, வைகாசியில் போய்ப் பார். தண்ணீர் சுருங்கி நடுவில் ஒரு குட்டையாகக் கிடக்கும். சில ஏரிகளில் வெறும் சேறுதான் மிஞ்சும். சில ஏரிகளில் மண் வெடித்துப் போயிருக்கும்.

மீனுக்கு இதில் இரண்டு கஷ்டம். தண்ணீர் குறைவது ஒரு கஷ்டம். இருக்கிற தண்ணீரும் சூடாவது இன்னொரு கஷ்டம். சூடானால் என்ன என்று கேட்கிறாயா? நல்ல கேள்வி. ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம்.

ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்று. வெயில் படும் ஜன்னலில் வை. ஒரு மணி நேரம் கழித்துப் பார். டம்ளரின் உள்பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை எங்கிருந்து வந்தன? தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த காற்றுதான் அது. தண்ணீர் சூடாகச் சூடாக, அதனால் அவ்வளவு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. வெளியே விட்டுவிட்டது.

மீன்கள் செவுளால் மூச்சு விடுகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத்தான் செவுள் எடுத்துக்கொள்ளும். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் மீனுக்கு மூச்சு முட்டும்.

இன்னும் ஒன்று கேள். ஏரியில் பாசியும் அல்லியும் மண்டிக் கிடக்கும். பகலில் அவை வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும்போது ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் வெயில் ஏது? அப்போது செடியும் மூச்சு விடுகிறது, மீனும் மூச்சு விடுகிறது, சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன. எல்லாருமாகச் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவு செய்கிறார்கள். அதனால்தான் விடியற்காலையில் குளத்து மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

இதுவரை புரிந்ததா, கண்ணு? புரியாவிட்டால் மேலே போய் இன்னொரு முறை படித்துவிட்டு வா. அவசரமே இல்லை. நான் காத்திருக்கிறேன்.

விரால் கண்டுபிடித்த வழி

இப்போது ஒரு கணக்கு. ஏரித் தண்ணீர் 30 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள். அதில் ஒரு லிட்டரில் கரையக்கூடிய ஆக்சிஜன் ஏறக்குறைய ஏழரை மில்லிகிராம்தான். அதே சூட்டில் ஒரு லிட்டர் காற்றில் எவ்வளவு இருக்கும் தெரியுமா? ஏறக்குறைய 270 மில்லிகிராம்! முப்பத்தைந்து மடங்குக்கும் மேலே.

தண்ணீருக்குள் இவ்வளவு பஞ்சம். தலைக்கு மேலே, தண்ணீர் முடியும் இடத்தில், அவ்வளவு செல்வம். விரால் அந்தச் செல்வத்தை எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டது.

விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன அறை இருக்கிறது. அறையின் உள்தோலில் மெல்லிய ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. விரால் சட்டென்று மேலே வரும். ஒரு வாய் காற்றை விழுங்கும். மறுபடி கீழே போய்விடும். அந்தக் காற்று இந்த அறைகளில் தங்கும். அதிலுள்ள ஆக்சிஜன் ரத்தத்தில் கலக்கும்.

அன்னக்கூடை விராலின் மர்மம் இப்போது விளங்குகிறதா? நாலு விரல் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து போனாலும் அதற்குக் கவலை இல்லை. தலையைத் தூக்கினால் காற்று. உடம்பு ஈரமாக இருந்தால் போதும், தண்ணீருக்கு வெளியேகூட நெடுநேரம் உயிரோடு இருக்கும். மழை இரவில் ஈரத் தரையில் நெளிந்து ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போய்விடும். ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

இதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்று எடுக்க முடியாதபடி தண்ணீருக்குள்ளேயே தடுத்து வைத்தால், அது மூச்சு முட்டி இறந்துவிடும். ஆமாம், மீன் தண்ணீரில் மூழ்கி இறக்கும்! நம்ப முடியவில்லை, இல்லையா? ஆனால் அதுதான் உண்மை.

தூண்டில்காரர்களுக்கும் இந்த ரகசியம் தெரியும். ஏரிக்கரையில் பேசாமல் உட்கார்ந்து தண்ணீரையே பார்ப்பார்கள். செடிகளுக்கு நடுவில் ‘பளக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், விரால் காற்றெடுக்க வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். அந்தப் பக்கம் தவளையைக் கோத்த தூண்டிலைப் போடுவார்கள். இப்போது இளைஞர்கள் ரப்பர் தவளையைக்கூட வீசுகிறார்கள். விரால் அதை அடிக்கும் வேகம் இருக்கிறதே, கழி வளைந்துவிடும். மாட்டியதும் நேராகச் செடிகளுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். ஓர் அடி, இரண்டு அடி நீளத்து மீனுக்கு அவ்வளவு பலம். மிகப் பெரிய விரால் ஒரு மீட்டர் வரை வளரும்.

பவளப் பாறையில் என்ன கஷ்டம்?

சரி, ஏரிக்கரையை விட்டு எழுந்து வா. தெற்கே போகலாம்.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை கடலில் 21 சின்னத் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். இந்தப் பகுதியை அரசு 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. பவளம் கல்லைப் போலத் தெரியும். ஆனால் அதைக் கட்டியவை மிகச் சின்ன உயிர்கள். தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பைச் சேர்த்துச் சேர்த்து அவை பாறை எழுப்பியிருக்கின்றன.

இங்கே தண்ணீர் வற்றுமா? வற்றாது. ஆக்சிஜன் பஞ்சம் உண்டா? உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் சற்றுக் குறைவாகத்தான் கரையும். ஆனால் அலை ஓயாமல் அடித்து, காற்றைத் தண்ணீரோடு கலந்துகொண்டே இருக்கிறது. அதனால் சிங்கமீனுக்குச் செவுளே போதும். மேலே வந்து காற்று குடிக்க வேண்டிய தேவை இல்லை.

அப்படியானால் அதற்குக் கஷ்டமே இல்லையா? இருக்கிறது. பவளப் பாறையில் தண்ணீர் தெளிவாக இருக்கும். தூரத்திலிருந்தே ஒருவரை ஒருவர் பார்த்துவிடலாம். பாறை இடுக்கில் பெரிய களவா இருக்கும். விலாங்கு தலையை நீட்டும். வெளியே சுறா சுற்றும். எல்லாருக்கும் பசி. சிங்கமீனோ மெதுவாக நீந்தும் மீன். பெரியதுகூட ஓர் அடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வேகமாக ஓடித் தப்பிக்க அதனால் முடியாது.

ஓட முடியாதவர் என்ன செய்வார்? யாரும் கிட்டே வராதபடி பார்த்துக்கொள்வார்.

பதினெட்டு முட்கள்

சிங்கமீனின் உடம்பில் விஷ முட்கள் 18 இருக்கின்றன. வா, எண்ணிப் பார்ப்போம். முதுகில் 13. வயிற்றுப் பக்கத் துடுப்புகளில் பக்கத்துக்கு ஒன்றாக 2. வாலுக்கு முன்னால், அடிப்பக்கத் துடுப்பில் 3. கூட்டினால் சரியாக வருகிறதா? கெட்டிக்காரப் பிள்ளை!

பக்கவாட்டில் சிறகு மாதிரி விரிந்திருக்கும் பெரிய துடுப்புகள்தான் முதலில் நம் கண்ணில் படும். அவற்றில் விஷம் இல்லை.

முள் எப்படி வேலை செய்கிறது? ஒவ்வொரு விஷ முள்ளிலும் நீளவாக்கில் பள்ளம் இருக்கிறது. பள்ளத்தில் விஷத்தைச் சுரக்கும் திசு இருக்கிறது. இவற்றின் மேலே மெல்லிய தோல் உறை மூடியிருக்கிறது. முள் ஒருவர் உடம்பில் குத்தும்போது உறை கீழே தள்ளப்படும். திசு நசுங்கும். விஷம் பள்ளத்தின் வழியே காயத்துக்குள் போகும். சிங்கமீன் வேண்டுமென்று விஷத்தைப் பீய்ச்சுவதில்லை. குத்துப்படுபவரின் அழுத்தமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இங்கே ஒரு நிமிடம் நில். சிங்கமீன் விஷத்தை வைத்து இரை பிடிக்கிறது என்று நினைக்கிறாயா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை, கண்ணு. விஷம் தற்காப்புக்கு மட்டும்தான். இரை பிடிக்க அது வேறு வழி வைத்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குத்தினால் என்ன ஆகும்? கடுமையான வலி. வீக்கம். மனிதர்கள் இதனால் இறப்பது மிக மிக அரிது. இதன் விஷம் புரதத்தால் ஆனது. முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். சூடு பட்டால் அது எப்படி மாறிவிடுகிறது, பார்த்திருக்கிறாய் அல்லவா? சிங்கமீனின் விஷமும் சூட்டில் குணம் கெடும். அதனால் குத்துப்பட்ட கையைத் தாங்கக்கூடிய வெந்நீரில் வைப்பது முதலுதவி. சுமார் 45 டிகிரி சூடு, அதற்கு மேல் கூடாது. சூட்டைப் பெரியவர்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிங்கமீனின் சதையில் விஷம் இல்லை. முட்களைக் கவனமாக வெட்டி எறிந்துவிட்டு, அதைச் சமைத்துச் சாப்பிடும் நாடுகள் உண்டு. பேத்தை மீன் இதற்கு நேர்மாறு. அதன் முள் குத்தி விஷம் ஏறாது. ஆனால் அதன் ஈரலிலும் முட்டையிலும் உயிரைக் கொல்லும் நஞ்சு இருக்கும். ஒன்று குத்தினால் ஆபத்து, மற்றொன்று தின்றால் ஆபத்து. இந்த வேறுபாட்டை நோட்டில் எழுதி வைத்துக்கொள்.

ஒளிவதும் காட்டிக்கொள்வதும்

இரண்டு மீன்களின் நிறத்தையும் பார்.

விராலின் முதுகு கரும்பழுப்பு. பக்கத்தில் மங்கலான பட்டைகள். கலங்கிய தண்ணீரில், பாசிக்கு நடுவில், அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அசையாமல் நிற்கும். தவளையோ சின்ன மீனோ பக்கத்தில் வந்தால், ஒரே பாய்ச்சல்.

சிங்கமீனுக்குச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரி வரியாக இருக்கும். தெளிந்த நீரில் பளிச்சென்று தெரியும். “என்னிடம் முள் இருக்கிறது, தள்ளியே இரு” என்று உடம்பாலேயே அது எச்சரிக்கை செய்கிறது. ஒருமுறை குத்துப்பட்ட பெரிய மீன் அந்த வரிகளை மறக்காது.

அதன் வேட்டையும் விசித்திரமானது. பொழுது சாயும் நேரத்தில் கிளம்பும். பக்கத் துடுப்புகளை அகல விரித்து, சின்ன மீனை மெல்ல மெல்லப் பாறை மூலைக்கு ஒதுக்கும். சில சமயம் வாயால் தண்ணீரை அதன்மேல் ஊதும். சின்ன மீன் எதிரே வரும் தண்ணீரைப் பார்க்கத் தலையைத் திருப்பும். அந்தக் கணத்தில் சிங்கமீன் வாயைத் திறந்து லபக்கென்று உறிஞ்சிவிடும்.

இரண்டுமே பொறுமையாகக் காத்திருந்து பிடிக்கும் வேட்டைக்காரர்கள் என்பதைக் கவனித்தாயா? பழக்கம் ஒன்றுதான். தண்ணீர் வேறாக இருப்பதால் முறை வேறாகிவிட்டது.

குஞ்சுகளை யார் காப்பது?

கண்ணு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மழைக்காலத்தில் ஆண் விராலும் பெண் விராலும் சேர்ந்து செடிகளை விலக்கி ஓர் இடத்தைச் சுத்தம் செய்யும். அங்கே முட்டைகள் மிதக்கும். ஓரிரு நாளில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் செக்கச் சிவப்பாக இருக்கும். நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக நீந்தும். ஏரியில் ஓரிடத்தில் தண்ணீர் சிவந்து கொதிப்பதுபோல் தெரிந்தால், அது விரால் குஞ்சுக் கூட்டம். அதற்குக் கீழே அப்பா விராலும் அம்மா விராலும் இருக்கும். தவளை வந்தாலும் பாம்பு வந்தாலும் பாய்ந்து தாக்கும். இப்படிச் சில வாரங்கள் காவல் காக்கும்.

குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால், அங்கே தூண்டில் போட வேண்டாம் என்று உன் அண்ணன்களிடம் சொல். காவலுக்கு நிற்கும் விரால் எதை வீசினாலும் கடிக்கும். பிடிப்பது சுலபம்தான். ஆனால் அதைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அடுத்த வருடம் ஏரியில் விரால் இருக்காது.

சிங்கமீன் வேறு விதம். பசைபோன்ற உருண்டைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். முட்டைகள் மிதந்து போகும். பிறந்த சின்னஞ்சிறு குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாதம் நீரோட்டத்தோடு அலையும். அப்பாவும் தெரியாது, அம்மாவும் தெரியாது. வெப்பமான கடலில் ஒரு சிங்கமீன் ஒரு வருடத்தில் 20 லட்சம் முட்டைகள் வரை விடக்கூடும் என்று ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மாமரத்தை நினைத்துப் பார். தை மாதத்தில் மரம் முழுக்கப் பூ. அத்தனை பூவும் மாம்பழம் ஆகிறதா? காற்றில் கொட்டுவது கோடி. பிஞ்சில் விழுவது ஆயிரம். பழுப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் மரம் அவ்வளவு பூக்கிறது. சிங்கமீனும் அப்படித்தான். பரந்த கடலில் முட்டையின் பின்னாலேயே போய்க் காவல் காக்க முடியாது. அதனால் ஏராளமாக விடுகிறது. சின்ன ஏரியில் காவல் காக்க முடியும். அதனால் விரால் சில ஆயிரம் முட்டைகளோடு நிறுத்திக்கொண்டு, அவற்றைக் காக்கிறது.

இப்போது நீயே சொல். இரண்டில் எது நல்ல பெற்றோர்? யோசித்தாயா? அந்தந்தத் தண்ணீருக்கு அந்தந்த வழி சரி. எதையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

இரண்டும் சேர்ந்த ஒரு மீன்

நீ இந்நேரம் ஒரு முடிவுக்கு வந்திருப்பாய். “நன்னீர் மீன் என்றால் காற்றுக் குடிக்கும். கடல் மீன் என்றால் விஷம் இருக்கும்” என்று. கொஞ்சம் பொறு. அறிவியலில் முடிவுக்கு வரும் முன் இன்னொரு உதாரணம் தேட வேண்டும்.

நம் ஏரிச் சேற்றிலேயே தேளி என்று ஒரு மீன் இருக்கிறது. மீசை உண்டு, செதில் கிடையாது. கெளுத்திக்கு உறவு. அதன் உடம்புக்குள் செவுளிலிருந்து பின்பக்கம் நீளமாக இரண்டு காற்றுப் பைகள் ஓடுகின்றன. விராலைப்போல் அதுவும் காற்றைக் குடிக்கும். அதோடு, பக்கத் துடுப்புகளில் இரண்டு விஷ முட்கள்! ஏரியில் சேற்றைத் துழாவி மீன் பிடிக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பார். தேளி குத்திய வலியைப் பற்றிச் சொல்வார்கள்.

ஏன் இதற்கு மட்டும் இரண்டும்? அதன் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும். ஏரி வற்றும், தண்ணீர் சூடாகும். அதற்குக் காற்றுப் பை. உடம்போ சின்னது, பலமான பல் இல்லை. சுற்றிலும் விரால், தண்ணீர்ப்பாம்பு, கொக்கு, நாரை. அதற்கு முள். ஏரி அதற்கு இரண்டு கஷ்டம் கொடுத்தது. அது இரண்டு வழி வைத்திருக்கிறது.

ஆக, நன்னீரா கடல்நீரா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ‘இந்தத் தண்ணீரில் இந்த மீனுக்கு என்ன கஷ்டம்?’ என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்கத் தெரிந்துவிட்டால் நீ பாதி விஞ்ஞானி.

வேறு தண்ணீரில் விட்டால்?

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். ஒரு மீனை அதன் சொந்தத் தண்ணீரிலிருந்து எடுத்து, வேறு ஊர்த் தண்ணீரில் விட்டால் என்ன ஆகும்? இரண்டு உண்மைக் கதைகள் இருக்கின்றன.

முதல் கதை 2002-ஆம் ஆண்டு நடந்தது. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் கிராஃப்டன் என்ற ஊர். அங்கே ஒரு குளத்தில் தூண்டில் போட்டவருக்கு விசித்திரமான மீன் ஒன்று மாட்டியது. அது நம் விராலின் உறவு மீன். சீனா, கொரியா பக்கத்தில் வாழ்வது. யாரோ உயிரோடு வாங்கி வந்து குளத்தில் விட்டிருந்தார்கள். அது குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டது. பக்கத்து ஆற்றுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில், அரசு அந்தக் குளத்தில் மருந்து கலந்து மீன்களைக் கொன்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் செத்து மிதந்தன. ஆனாலும் 2004-இல் போட்டோமாக் ஆற்றில் அதே இன மீன்கள் கிடைத்தன. இன்றும் அங்கே வாழ்கின்றன.

இரண்டாவது கதை சிங்கமீனுடையது. இந்தியப் பெருங்கடலும் பசிபிக் பெருங்கடலும்தான் அதன் சொந்த இடம். 1985-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடலோரத்தில், அட்லாண்டிக் பக்கத்தில், ஒரு சிங்கமீன் கிடைத்தது. வீட்டில் கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்தவர்கள் கடலில் விட்டதால் வந்திருக்கும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பிறகு அது கரீபியன் கடல் முழுவதும் பரவிவிட்டது. அங்கேயுள்ள சின்ன மீன்களுக்கு அதைக் கண்டு ஓடத் தெரியவில்லை. பெரிய மீன்களோ அதைத் தின்னப் பழகவில்லை. பஹாமாஸ் தீவுகளில் சின்னப் பவளத் திட்டுகளில் ஒரு சோதனை செய்தார்கள். சிங்கமீன் இருந்த திட்டுகளில், புதிதாக வந்து சேரும் மீன் குஞ்சுகள் ஐந்தே வாரத்தில் சராசரியாக 79 சதவீதம் குறைந்துபோயின.

மன்னார் வளைகுடாவில் இப்படிப்பட்ட தொல்லை ஏன் இல்லை? இங்கே அது ஆதிகாலம் முதல் இருக்கும் மீன். அதன் இரைகளுக்கு அதைத் தெரியும். அதன் எதிரிகளுக்கும் அதைத் தெரியும். எல்லாரும் சேர்ந்தே வளர்ந்தவர்கள். கணக்கு சரியாக இருக்கிறது.

அப்படியானால் தப்பு சிங்கமீன் மேலா? இல்லவே இல்லை. எடுத்துக்கொண்டு போய் விட்ட மனிதர்கள் மேல்தான்.

உன்னால் முடியும்

இது அமெரிக்காவின் கதை, நமக்கென்ன என்று விட்டுவிடாதே. நம் ஏரிகளிலும் இது நடக்கிறது. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் சக்கர் மீனை நீ பார்த்திருப்பாய். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தொட்டிக்குள் அடங்காமல் வளர்ந்ததும், பாவம் என்று நினைத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். அது அங்கே பெருகுகிறது. அதன் முரட்டுச் செதில் பட்டு மீனவர்களின் வலை கிழிகிறது. கரையில் வளை தோண்டுகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம். அதை வளர்க்கவே நம் நாட்டில் தடை இருக்கிறது. வெள்ளத்தில் ஏரிக்குள் போய்விட்டால் விரால் குஞ்சு, கெண்டைக் குஞ்சு எதையும் விட்டு வைக்காது.

அதனால் உன்னிடம் ஒரு வேண்டுகோள். தொட்டி மீன் வேண்டாம் என்று ஆகிவிட்டால், அதை ஏரியிலோ வாய்க்காலிலோ கிணற்றிலோ விடாதே. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேள், அல்லது வளர்க்க ஆசைப்படும் நண்பனுக்குக் கொடு. மீன்மேல் இரக்கம் இருப்பது நல்ல குணம். ஏரியில் ஏற்கெனவே இருக்கும் ஆயிரக்கணக்கான மீன்கள்மேலும் அந்த இரக்கம் இருக்கட்டும்.

இன்னொன்று. விரால் பார்க்க ஆசையாக இருந்தால் பெரியவர் துணையோடு மட்டுமே ஏரிக்குப் போ. கரையில் நின்று பார். தண்ணீரில் இறங்காதே. விராலுக்குச் சேறு வீடு. நமக்கு அது கால் புதையும் இடம்.

இப்போது நோட்டை எடு. மூன்று கேள்விகள்.

ஒன்று: கடல் மீன் ஐஸ்மேல் கிடக்கும்போது, விரால் மட்டும் அன்னக்கூடையில் உயிரோடு இருப்பது ஏன்? உன் தம்பிக்கோ தங்கைக்கோ புரியும்படி ஐந்து வரியில் எழுது.

இரண்டு: சிங்கமீனுக்கு வேகமாக நீந்தத் தெரிந்திருந்தால், அதற்கு 18 முட்கள் தேவைப்பட்டிருக்குமா? உனக்குத் தோன்றுவதைக் காரணத்தோடு எழுது. இதற்கு ஒரே விடை கிடையாது.

மூன்று: உங்கள் ஊர் ஏரியிலோ குளத்திலோ இருக்கும் ஒரு மீனைத் தேர்ந்தெடு. அயிரை, குரவை, கெண்டை, எதுவானாலும் சரி. தாத்தாவிடமும் மீன் பிடிப்பவரிடமும் கேட்டு அதைப் பற்றி ஒரு பக்கம் எழுது. எழுதும்போது முதல் பத்தியில் மீனைப் பற்றி எழுத வேண்டாம். அது வாழும் தண்ணீரைப் பற்றி எழுது.